ரஷ்ய எழுத்துகளை வாசித்தலும் ஒலித்தலும்

ரஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 10 உயிரெழுத்துகள், 21 மெய்யெழுத்துகள், எஞ்சிய 2 தமக்கென ஒலி ஏதும் இல்லாமல் முன்னுள்ள மெய்யின் ஒலிப்பைப் பற்றிய செய்தியை மட்டும் தரும் குறிகள். உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்த்து 247 எழுத்துகளைக் கற்றவருக்கு இந்த எண்ணிக்கை ஒரு பொருட்டன்று. எழுத்து வடிவங்கள் சில நாள்களிலேயே கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. ஆயினும் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கும்போது நாக்கு நெடுநாள் தடுமாறுகிறது. இதற்குக் காரணம், மெய்யின் வன்மை மென்மை, சொல்லில் அழுத்தம் விழும் இடம், சொல்லிறுதியில் ஒலி திரியும் முறை ஆகியவற்றை அச்செழுத்து முழுமையாகக் காட்டுவதில்லை என்பதே.

தமிழ் மாணவருக்கு இவற்றோடு கூட, அவரே வருவித்துக்கொள்ளும் தடை ஒன்றும் உண்டு. ரஷ்ய மொழியைப் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பாடநூல்களைக் கொண்டே அவர் கற்கிறார். அந்நூல்களோ ஆங்கிலம் பேசுவோரின் நாக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலேயருக்கு அரியவையான ஒலிகள் சில தமிழருக்குப் பிறந்த நாள்முதல் பழக்கமானவை. ஆங்கிலேயருக்கு எளியவை சில தமிழருக்குக் கடினமானவை. ஆகவே இவ்வியல் தமிழ் ஒலிகளையும் தமிழ் இலக்கணம் வகுத்த கலைச்சொற்களையுமே அளவுகோலாகக் கொள்கிறது. அச்சிட்ட ரஷ்ய எழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நன்று. இங்கே ரஷ்யச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. அழுத்தம் பெறும் உயிர் நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் எழுதப்படுகின்றன. உயிர்களுக்கிடையே இரட்டித்து எழுதப்படும் வல்லெழுத்து, ககரம் முதலியவை குழையாமல் ஒலிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பேயன்றி இரட்டித்து ஒலிப்பதற்கன்று.

வடிவங்கள்

பைசாந்தியப் பேரரசின் தெசலோனிக்கி நகரைச் சேர்ந்த கிரில், மெத்தோதியஸ் என்ற உடன்பிறந்தார் இருவர், ஸ்லாவிய மக்களுக்குக் கிறித்தவ நூல்களை அவர்கள் மொழியிலேயே வழங்கும் பொருட்டு 863ஆம் ஆண்டு மொராவியா நாட்டுக்குச் சென்றனர். அப்பணிக்காக உருவானது கிளகோலித்திக் என்ற எழுத்துமுறை. இன்று கிரிலின் பெயரைத் தாங்கியுள்ள சிரிலிக் எழுத்து, அவர்களுடைய மாணவர் காலத்தில் பல்கேரியாவில் கிரேக்கப் பேரெழுத்துகளை அடியொற்றி எழுந்தது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. பின்னர் முதலாம் பீட்டர் மன்னர் 1708இல் அறிமுகப்படுத்திய புதிய அச்செழுத்து, பழைய கோயில் ஏட்டு வடிவங்களை விட்டு இலத்தீன் அச்செழுத்தின் சாயலை ஏற்றது. 1918ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தேவையற்ற எழுத்துகள் சிலவற்றை நீக்கி இன்றைய நிலையை உருவாக்கியது.

இந்த வரலாறு பயனற்ற செய்தியன்று. ஆங்கில எழுத்தும் ரஷ்ய எழுத்தும் கிரேக்கம் என்ற ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு காலங்களில் பிரிந்தவை என்பதை அறிந்தால், ஒரே வடிவம் இரு மொழிகளிலும் இரு வேறு ஒலிகளைத் தருவதன் காரணம் விளங்கும். 'பஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்தாக வரும் வடிவம் ரஷ்ய மொழியில் வகரத்தைக் குறிக்கிறது; ஏனெனில் கிரேக்கரின் பீட்டா என்ற எழுத்து, சிரிலிக் தோன்றிய காலத்திலேயே வகரமாக ஒலிக்கத் தொடங்கிவிட்டது. 'பேப்பர்' என்பதன் ஆங்கில முதலெழுத்து, கிரேக்க ரோவின் வழிவந்து ரகரமாகிறது. சி என்ற வடிவம் கிரேக்க சிக்மாவின் வளைந்த வடிவமாதலின் எப்போதும் ஸகரம். எக்ஸ் என்பது கிரேக்க ஹி, ஆதலின் தொண்டைக்குச் சற்று மேலே உரசும் ஹகரம். ஒய் என்பது உகரம். எச் வடிவம் நகரமானது சற்று வேடிக்கையானது: அது முதலில் ஆங்கில என் போலச் சாய்கோட்டுடன் எழுதப்பட்டு, காலப்போக்கில் அக்கோடு கிடைமட்டமாகத் திரும்பிவிட்டது, அதே சமயம் எச் போலிருந்த இகரத்தின் கிடைக்கோடு சாய்ந்து, இன்று கண்ணாடியில் தெரியும் ஆங்கில என் போல நிற்கிறது.

கற்பவர் முதலில் தொடவேண்டியவை இரு மொழிகளிலும் வடிவத்திலும் ஒலியிலும் ஒத்துள்ள ஐந்து எழுத்துகள்: ஏ, கே, எம், ஓ, டி என்னும் ஆங்கில வடிவங்கள் முறையே அ, க், ம், ஒ, த் என ஒலிக்கின்றன. இவற்றைக் கொண்டே 'தாம்' (அங்கே), 'தாக்' (அப்படி), 'கோத்' (பூனை), 'க்தோ' (யார்) முதலிய சொற்களை முதல் நாளிலேயே வாசிக்கலாம். இரண்டாவதாக, மேலே கூறிய ஏமாற்று வடிவங்கள் ஆறையும் மனத்தில் ஊன்ற வேண்டும். முழுப் பாடத்திலும் கண்ணை அதிகமாக வழுக்கச் செய்பவை இவையே, முற்றிலும் அயலான வடிவங்கள் அல்ல. ரஷ்ய நகரத் தெருக்களில் உணவகத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும் புதியவர், ஆங்கிலப் பழக்கத்தில் அதைப் 'பெக்டோபா' என்று வாசித்துவிடுவது நெடுங்காலமாகச் சொல்லப்படும் வேடிக்கை. எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பார்த்தால் அது 'ரிஸ்தரான்', அதாவது ரெஸ்டாரண்ட். யூரி ககாரினின் தலைக்கவசத்திலும் சோவியத் அஞ்சல்தலைகளிலும் 'சிசிசிபி' எனத் தோன்றும் நான்கு எழுத்துகள், உண்மையில் மூன்று ஸகரமும் ஒரு ரகரமும் ஆகும். அதை 'எஸ் எஸ் எஸ் எர்' என்று வாசிக்க வேண்டும்.

மூன்றாம் தொகுதியில் உள்ளவற்றைக் கணிதமோ அறிவியலோ படித்தவர் ஏற்கெனவே அறிவார்: பை பகரமாகவும், ஃபை ஃபகரமாகவும், காமா 'தங்கம்' என்பதில் உள்ள ககரமாகவும், லாம்டா லகரமாகவும், அடியில் இரு கால்கள் முளைத்த டெல்டா 'பந்து' என்பதில் உள்ள தகரமாகவும் வருகின்றன. எஞ்சியவற்றில், 3 என்ற எண்ணைப் போன்றது அதிரும் ஸகரம். 4 போன்றது சகரம். கண்ணாடியில் தெரியும் ஆர் போன்றது 'ய'. மூன்று நிலைக்கோடுகளை அடியில் ஒரு கோடு இணைப்பது ஷகரம். அதற்கு வலப்பக்கம் சிறு வால் சேர்ந்தால் நீண்ட மென் ஷகரம். ஆறு கால்களை விரித்த வண்டு போன்றது அதிரும் ஷகரம். சிற்றெழுத்துகள் பெரும்பாலும் பேரெழுத்துகளின் சிறிய வடிவங்களே ஆதலால் அவற்றுக்குத் தனிப் பயிற்சி அதிகம் வேண்டியதில்லை.

ஒலிப்புடை ஒலியும் ஒலிப்பிலா ஒலியும்

ஓர் ஒலியை எழுப்பும்போது குரல்வளையில் அதிர்வு உண்டானால் அது ஒலிப்புடை ஒலி. அதிர்வின்றிப் பிறந்தால் அது ஒலிப்பிலா ஒலி. தமிழில் ககரம் ஒரே எழுத்தாயினும் 'கல்' என்பதில் அதிர்வின்றியும், 'தங்கம்' என்பதில் அதிர்வுடனும், 'பகல்' என்பதில் குழைந்தும் ஒலிக்கிறது. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைச் சொல்லின் அமைப்பே தீர்மானித்துவிடுவதால் தமிழ் பேசுபவர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. ரஷ்ய மொழியிலோ இவை தனித்தனி எழுத்துகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஒலித்தால் பொருளே வேறாகிவிடும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'இக்ரா' என்றுதான் வரும் இரு சொற்கள் உள்ளன: 'பக்கம்' என்பதன் ககரத்தைக் கொண்டது மீன்முட்டை உணவையும், 'தங்கம்' என்பதன் ககரத்தைக் கொண்டது விளையாட்டையும் குறிக்கின்றன. அவ்வாறே 'தோம்' என்பது தகரம் அதிர்வின்றி வந்தால் நூலின் ஒரு தொகுதி, அதிர்வுடன் வந்தால் வீடு. இத்தகைய இணைகள் ஆறு: ப, த, க, ஃப, ஸ, ஷ ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதிரும் துணை ஒன்று உண்டு; ஃபகரத்தின் துணை, மேற்பல் கீழுதட்டைத் தொட ஒலிக்கும் வகரம்.

தமிழ் மாணவர் உயிர்களுக்கு இடையே வரும் ஒலிப்பிலா மெய்யைக் குழைத்துவிடுகிறார், அல்லது குழையாமல் காப்பாற்றும் பொருட்டு இரட்டிக்கிறார். தந்தையைக் குறிக்கும் 'பாப்ப' என்ற சொல்லில் இரண்டு பகரங்களும் ஒற்றையாகவும் அதிர்வின்றியும் ஒலிக்க வேண்டும். 'பாபம்' என்பதன் இரண்டாம் பகரம்போல் குழைந்தால் அது கிழவியைக் குறிக்கும் வேறு சொல்லின் பக்கம் சாய்ந்துவிடும். குரல்வளையின்மீது விரலை வைத்து அதிர்வைச் சோதித்துக்கொள்வதே இதற்கு எளிய வழி.

இதற்கு ஈடாகத் தமிழருக்குக் கிடைக்கும் நன்மைகளும் உண்டு. ரஷ்யத் தகரம் நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடப் பிறப்பது. அது நம் தகரமே. ஆங்கிலேயர் இதைக் கற்கப் பாடுபடும்போது, தமிழ் மாணவர் ஆங்கிலத்தை இடையில் கொண்டுவந்து அதை டகரமாக்கித் தம் கையிலுள்ளதைத் தாமே இழக்கிறார். ரஷ்ய ரகரம் நாநுனி பலமுறை துடிப்பது. றகரத்தை ரகரத்திலிருந்து பிரித்து ஒலிக்கும் குமரி மாவட்டத்தார் போன்றோரின் றகரம் அதற்கு மிக நெருக்கமானது. ஆங்கிலத்தில் சொல்முதற் பகரமும் ககரமும் மூச்சுக்காற்றுடன் வெடிக்கின்றன. ரஷ்ய மொழியிலும் தமிழிலும் அவ்வாறில்லை.

வன்மெய்யும் மென்மெய்யும்

ரஷ்ய ஒலிப்பின் உயிர்நாடி இதுவே. வல்லினம் மெல்லினம் என்னும் தமிழ்ப் பாகுபாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஒரு மெய்யை ஒலிக்கும்போதே நடுநா இகரத்துக்கு எழுவதுபோல் மேலண்ணத்தை நோக்கி எழுந்தால் அது மென்மெய். எழாவிட்டால் அது வன்மெய். மெய்க்குப் பின் யகரம் தனியே வருவதன்று. மெய்யும் அண்ணச் சாயலும் ஒரே கணத்தில் பிறக்க வேண்டும். நகரத்துக்கும் ஞகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் அறிவர். ரஷ்ய மென் நகரம் ஏறத்தாழ ஞகரமே. 'இல்லை' என்ற பொருளுடைய சொல் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் 'நியெட்' எனக் காணப்பட்டாலும், 'ஞேத்' என்று சொன்னால் ரஷ்யர் செவிக்கு இயல்பாகப் படும். நகரத்துக்கு மட்டும் வாய்த்த இந்த இணையைத் தகரம், லகரம், ரகரம், மகரம் என ஏனைய மெய்களுக்கும் விரித்துக்கொள்வதே கற்பவர் செய்யவேண்டிய வேலை.

மெய்யெழுத்தின் வடிவம் வன்மை மென்மையைக் காட்டுவதில்லை. அதை அடுத்து வரும் எழுத்தே காட்டுகிறது. உயிரெழுத்துகள் பத்தும் ஐந்து இணைகளாக அமைகின்றன: அ–ய, ஒ–யொ, உ–யு, எ–யெ, இவற்றோடு, வன்மெய்க்குப் பின் வரும் சிறப்பு உயிர் ஒன்றும் இகரமும். ஒவ்வோர் இணையிலும் முதலாவது, முன்னுள்ள மெய்யை வன்மையாகவும், இரண்டாவது மென்மையாகவும் ஒலிக்கச் சொல்கிறது. சொல்முதலிலோ வேறோர் உயிருக்குப் பின்னோ வரும்போது ய, யொ, யு, யெ ஆகியவை யகரத்துடன் கூடியே ஒலிக்கும். 'லூக்' என்றால் வெங்காயம். உகரத்துக்குப் பதில் யுகர எழுத்து வந்தால் லகரம் மென்மையாகிக் கப்பல் தளத்திலோ தெருவிலோ உள்ள மூடுவாயைக் குறிக்கும். எனவே ரஷ்யச் சொல்லை ஆங்கிலம்போல் எழுத்தெழுத்தாக வாசிக்காமல், மெய்யையும் அதன் பின்னுள்ள உயிரையும் ஒரே அலகாக, உயிர்மெய்யாகப் பார்ப்பதே முறை. 'கெ', 'கை' போன்றவற்றில் மெய்க்கு முன்னே நிற்கும் குறியையும் சேர்த்து ஒரே பார்வையில் படித்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இது புதிதன்று.

மென்மெய்க்குப் பின் உயிர் இல்லையெனில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக இருப்பது மென்குறி. 'ப்ராத்' என்பது சகோதரன். இறுதியில் மென்குறி சேர்ந்தால் தகரம் அண்ணச் சாயல் பெற்று 'எடுத்தல்' என்ற வினையாகும். 'மாத்' என்பது சதுரங்கத்தின் இறுதி வெட்டு, மென்குறியுடன் தாய். மற்றொரு குறியான வன்குறி இன்று அரிது. முன்னொட்டின் இறுதிமெய்யையும் அடுத்துள்ள யகர உயிரையும் பிரித்துக் காட்ட மட்டுமே அது வருகிறது.

இவ்விரு குறிகளின் பழைய வரலாற்றைத் தமிழ் இலக்கணம் படித்தவர் எளிதில் புரிந்துகொள்வர். பழைய ஸ்லாவிய மொழியில் அவை குறிகளல்ல, மிகக் குறுகி ஒலித்த உயிர்கள்: வன்குறி குறுகிய உகரம், மென்குறி குறுகிய இகரம். குற்றியலுகரம், குற்றியலிகரம் என்ற பெயர்களே இவற்றுக்கு நன்கு பொருந்தும். பிற்காலத்தில் அந்த உயிர்கள் தேய்ந்து மறைந்தன. இகரம் மறைந்த இடத்தில் முன்னுள்ள மெய்யில் அதன் சாயல் மட்டும் தங்கிவிட்டது. ஒலி போன பின்னும் எழுத்து போகவில்லை. 1918க்கு முந்தைய நூல்களில் வன்மெய்யில் முடியும் ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் வன்குறி அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அச்சீர்திருத்தம் மிச்சப்படுத்திய தாளும் மையும் சிறிதல்ல.

குற்றியலுகரம் இன்னோரிடத்திலும் கைகொடுக்கிறது. ஐந்தாம் இணையில் வன்மெய்க்குப் பின் வரும் சிறப்பு உயிர், அதாவது மென்குறியும் அருகில் ஒரு நிலைக்கோடும் சேர்ந்த வடிவம், ஆங்கிலவழி மாணவரைக் கலங்கடிப்பது. ஆங்கிலத்தில் அதற்கு நிகர் இல்லாமையால் பாடநூல்கள் விதவிதமான உத்திகளைச் சொல்கின்றன. தமிழரோ 'முத்து' என்ற சொல்லை இயல்பாகச் சொல்லி, அதன் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் உகரத்தைக் கவனித்தால் போதும். அதை நீட்டி, நாக்கைச் சற்றே முன்னும் மேலும் நகர்த்தினால் ரஷ்ய ஒலி கிட்டிவிடும். 'நீ', 'நாம்', 'நீங்கள்' என்பவற்றுக்கான ரஷ்யச் சொற்கள் முறையே த், ம், வ் ஆகியவற்றுடன் இந்த உயிர் சேர்ந்தவையே ஆதலால், பயிற்சிக்கு அவையே போதும். இதழ் குவிந்தால் உகரமாகவும், நாக்கு முழுவதும் முன்னே சென்றால் இகரமாகவும் கெட்டுவிடும்.

எகரத்தில் மட்டும் தமிழ்ப் பழக்கம் தொல்லை தரும். பேச்சுத் தமிழில் 'எலி', 'எடு' என்பவை பலர் வாயில் லேசான யகரத்துடன் 'யெலி', 'யெடு' என்று வருகின்றன. ரஷ்ய யெகரத்துக்கு இது வசதி. பின்புறம் திரும்பி வளைந்து நிற்கும் தூய எகர எழுத்துக்கோ இடையூறு. 'இது' என்று பொருள்படும் 'ஏத்த' என்ற சொல்லை யகரக் கலப்பின்றிச் சொல்லத் தனியே பழக வேண்டும்.

உரசொலிகள்

ஷகரத்தின் அதிரும் துணையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலத்தில் அதை இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவர். தமிழர் தம் ழகரத்தை எழுதுவதும் அதே இரண்டால்தான். ஆகவே ஆங்கில எழுத்தில் ரஷ்யப் பெயர்களைப் படிக்கும் தமிழ் மாணவர் ஷிவாகோ, பிரெஷ்னேவ் போன்ற பெயர்களில் ழகரத்தை நுழைத்துவிட வாய்ப்புண்டு. ரஷ்ய மொழியில் ழகரம் இல்லை. நாக்கை ஷகரத்துக்கு வைத்து, குரல்வளையை அதிரச் செய்வதே சரியான ஒலிப்பு.

சகரம் 'பச்சை' என்பதில் உள்ளதுபோல் எப்போதும் தெளிவாக ஒலிக்க வேண்டும். 'சாப்பாடு' என்பதைப் பலர் ஸகரத்துடன் தொடங்குவதுபோல் இங்கே தொடங்கினால், தேநீரைக் குறிக்கும் 'ச்சாய்' என்ற எளிய சொல்கூட விளங்காது. தகரமும் ஸகரமும் ஒட்டிப் பிறக்கும் ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. தமிழில் 'ஜார்' என வழங்கும் மன்னர் பட்டம் அவ்வெழுத்தில் தொடங்கி 'த்ஸார்' என ஒலித்து மென் ரகரத்தில் முடிகிறது. ஹகரத்தைத் தொண்டையிலிருந்து சற்று மேலே, ககரம் பிறக்கும் இடத்தில் உரசி ஒலிக்க வேண்டும். பேச்சில் 'மகன்' என்னும்போது குழையும் ககரத்தை அதிர்வின்றி அழுத்தினால் அந்த ஒலி வரும். ஆங்கிலத்தின் மெல்லிய ஹகரம் ரஷ்ய மொழியில் இல்லாமையால் அயற்பெயர்களில் அதைப் பெரும்பாலும் ககரமாகவே எழுதிவந்தனர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அங்கே 'காம்லெத்'.

அழுத்தம்

ரஷ்யச் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசை மட்டும் மற்றவற்றைவிட வலுவாகவும் நீண்டும் ஒலிக்கும். அது எந்த அசை என்பதற்குப் பொதுவிதி இல்லை. ஒரே சொல்லின் வெவ்வேறு வேற்றுமை வடிவங்களில் இடம் மாறவும் செய்யும். செய்தித்தாளிலோ கதைநூலிலோ அது அச்சிடப்படுவதும் இல்லை. அகராதிகளும் மாணவர் நூல்களும் மட்டுமே உயிரின்மேல் சிறு சாய்கோடு இட்டுக் காட்டுகின்றன. 'ஸாமக்' என முதலசையில் அழுத்தினால் கோட்டை. 'ஸமோக்' என இரண்டாம் அசையில் அழுத்தினால் பூட்டு. 'மூக்க' என்றால் வேதனை, 'முக்கா' என்றால் மாவு. இணைகள் இரண்டிலும் எழுத்துகள் மாறுவதில்லை. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை ஆதலின், எல்லா அசைகளையும் ஏறக்குறைய சமமாக ஒலிக்கும் பழக்கத்தைத் தமிழர் முயன்று விட வேண்டியுள்ளது. இங்கே நெடிலால் காட்டப்படும் நீட்சியும் தமிழ் நெடிலின் அளவுக்குப் போக வேண்டியதில்லை.

அழுத்தம் பெறாத உயிர் தன் நிறத்தை இழக்கும் என்பதே இதில் முதன்மையான செய்தி. ஒகரம் அழுத்தம் இழந்தால் அகரமாகும். அழுத்த அசைக்கு நேர் முன்னே அது தெளிவான அகரம், மற்ற இடங்களில் மங்கிய அகரம். பாலைக் குறிக்கும் சொல்லில் மூன்று ஒகரங்கள் எழுதப்பட்டாலும் ஒலிப்பு 'மலக்கோ'. நாட்டின் தலைநகர் ஒகரத்துடன் எழுதப்பட்டு 'மஸ்க்வா' என ஒலிக்கிறது. அழுத்தமற்ற யெகரமும் மென்மெய்க்குப் பின்வரும் யகர உயிரும் இகரத்தின் பக்கம் சாய்கின்றன. நதியைக் குறிக்கும் சொல் 'ரெக்கா' என எழுதப்பட்டு 'ரிக்கா' ஆகிறது. வட ரஷ்ய வட்டார வழக்குகள் சிலவற்றில் ஒகரம் ஒகரமாகவே நிற்கும் என்றாலும், பாடநூலும் வானொலியும் மாஸ்கோ வழக்கையே பின்பற்றுகின்றன.

தமிழ் வாசகர் அறிந்த எழுத்தாளர் பெயர்கள் இதற்கு நல்ல பயிற்சிக் களம். ஆங்கிலம் வழியாக வந்த 'டால்ஸ்டாய்' என்பதில் தகரமும் ஒகரமும் கெட்டுள்ளன. மாஸ்கோவிலிருந்து வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு நூல்களிலோ 'தல்ஸ்தோய்' என அச்சிட்டிருப்பதைக் காணலாம். பல் தகரம், அழுத்தமற்ற முதல் ஒகரம் அகரமானது, இறுதி அசையின் அழுத்தம் ஆகிய மூன்றும் அதில் அப்படியே பதிந்துள்ளன. 'தஸ்தயேவ்ஸ்கி', 'ஐத்மாத்தவ்' ஆகிய எழுத்துமுறைகளும் இத்தகையவையே. பழைய வாசகர்களில் சிலருக்கு இவ்வடிவங்கள் விந்தையாகப் பட்டிருக்கலாம். ஒலியளவில் அவையே மூலத்துக்கு நெருக்கம்.

யொகர எழுத்து ஏறக்குறைய எப்போதும் அழுத்தம் பெறும் என்பது ஒரு பெரிய வசதி. ஆயினும் யெகரத்தின்மேல் இரண்டு புள்ளிகள் இட்டு எழுதப்படும் அவ்வெழுத்தை அச்சில் புள்ளியின்றியே விட்டுவிடுவது வழக்கம். வாசிப்பவர் சொல்லை அறிந்து புள்ளியை வருவித்துக்கொள்ள வேண்டும். குருஷ்சேவ், கோர்பசேவ் எனத் தமிழ் நாளிதழ்கள் எழுதிவந்த பெயர்கள் அந்தப் புள்ளிகளை இழந்தவை. ரஷ்யர் அவற்றை 'ஹ்ருஷ்ஷோஃப்', 'கர்பச்சோஃப்' என்றே சொல்வர்.

சொல்லிறுதியும் மெய்ம்மயக்கமும்

மேற்கண்ட பெயர்களின் இறுதியில் வகரம் ஃபகரமானதற்கும் விதி உண்டு. சொல்லின் கடைசியில் நிற்கும் ஒலிப்புடை மெய் தன் அதிர்வை இழக்கும். ஆண்டு என்னும் சொல் அதிரும் தகரத்தில் எழுதப்பட்டாலும் ஒலிப்பிலா தகரத்துடனேயே முடியும். ரொட்டியைக் குறிக்கும் 'ஹ்லேப்' என்ற சொல்லும் இறுதியில் அதிர்வற்ற பகரத்தையே கொண்டது. சொல்லின் நடுவிலும், அடுத்து வரும் மெய்க்கு ஏற்ப முந்தைய மெய் மாறும். ரயில் நிலையத்தையோ மெட்ரோவையோ பயன்படுத்துபவர் நாள்தோறும் காணும் இரு பலகைகள் இதைத் தெளிவாக்கும்: நுழைவாயிலில் வகரமும் ஹகரமும் அடுத்தடுத்து நிற்பதால் வகரம் அதிர்விழந்து 'ஃப்ஹோத்' ஆகிறது, வெளிவாயிலிலோ இடையே உயிர் இருப்பதால் வகரம் வகரமாகவே நின்று 'வீஹத்' ஆகிறது. இங்கு 'வீ' என எழுதப்பட்டது முன்பு சொன்ன குற்றியலுகரச் சாயலுள்ள உயிர். இரண்டின் இறுதி எழுத்தும் அதிரும் தகரமே. இரண்டிலும் அது அதிர்வதில்லை.

வல்லினத்தில் சொல் முடிவதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. 'பேங்க்' என்பதைப் 'பேங்கு' ஆக்கும் நாக்கு, 'கோத்' என்ற பூனையையும் 'கோத்து' ஆக்கிவிடும். ரஷ்ய மொழியில் இறுதி உயிர் வேற்றுமையையும் பாலையும் எண்ணையும் காட்டுவதால், இல்லாத உயிரைச் சேர்ப்பது பொருட்பிழைக்கு இடம் தரும். சொல்முதலில் குவியும் மெய்களுக்கு இடையே இகரத்தையோ உகரத்தையோ செருகுவதும் இவ்வகையான பிழையே. அத்தகைய சொற்களைப் பின்னிருந்து முன்னே கட்டுவது பயனுள்ள முறை: 'சந்திப்பு' என்ற சொல்லை முதலில் 'ரேச்ச', பிறகு 'த்ரேச்ச', பிறகு 'ஸ்த்ரேச்ச', கடைசியில் 'ஃப்ஸ்த்ரேச்ச' என்று வளர்த்துச் சொல்லலாம். 'இல்', 'உடன்' என்னும் பொருளில் வரும் முன்னிடைச்சொற்கள் ஒற்றை மெய்யெழுத்தாகவே தனித்து அச்சிடப்படுவதுண்டு; அவற்றைத் தனியே நிறுத்தாமல் அடுத்த சொல்லின் முதலெழுத்தாகக் கருதிச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

விதிக்கு அடங்காதவை சிலவே. அவனுடைய, இன்று என்னும் பொருளுள்ள சொற்களில் எழுதப்படும் ககரம் வகரமாகி 'யிவோ', 'சிவோத்ஞ' என வருகிறது. என்ன என்பதற்கான சொல்லில் சகரம் ஷகரமாகி 'ஷ்தோ' ஆகிறது. வணக்கம் கூறும் நீண்ட சொல்லின் நடுவிலுள்ள முதல் வகரம் ஒலிப்பதே இல்லை. அடிக்கடி வரும் சொற்களாதலால் இவை தாமே பழகிவிடும்.

பயிற்சியைப் பொருள் தெரிந்த சொற்களில் தொடங்குவது நல்லது. மெட்ரோ, பேங்க், பாஸ்போர்ட், டெலிபோன் போன்ற பொதுச்சொற்களையும், மதராஸ், டெல்லி, காந்தி போன்ற பெயர்களையும் ரஷ்ய எழுத்தில் வாசிக்கும்போது பொருளைத் தேடவேண்டிய சுமை இல்லாததால் கவனம் முழுவதும் எழுத்திலும் ஒலியிலும் நிற்கும். அடுத்து, ஒலிப்பதிவுடன் கூடிய சிறு பாடம் ஒன்றை எடுத்து, முதலில் கேட்டு, அழுத்தம் விழும் உயிர்களின்மேல் பென்சிலால் கோடிட்டு, அதன் பிறகே வாய்விட்டு வாசிக்க வேண்டும். அழுத்தம் அறியாத சொல்லை ஊகித்து வாசிப்பதைவிட அகராதியைப் புரட்டுவதே மேல். தவறான அழுத்தத்துடன் ஒருமுறை நாவில் படிந்த சொல்லைத் திருத்துவது புதிய சொல்லொன்றைக் கற்பதைவிடக் கடினம்.

அச்செழுத்து தடையின்றி வாசிக்க வந்த பிறகே கையெழுத்துக்குச் செல்லலாம். கையெழுத்திலும் சாய்ந்த அச்சிலும் சில வடிவங்கள் மீண்டும் ஏமாற்றும்: தகரம் ஆங்கிலச் சிற்றெழுத்து எம் போலவும், பகரம் என் போலவும், இகரம் யு போலவும் தோன்றும். ஷகரமும் இகரமும் அடுத்தடுத்து வரும் சொற்களில் ஒரே மாதிரியான கொக்கிகள் வரிசையாக நிற்பதால், எழுத்து எங்கே முடிகிறது என்று ரஷ்யரே எண்ணிப் பார்ப்பதுண்டு. தகரத்தின்மேல் ஒரு கோடும் ஷகரத்தின்கீழ் ஒரு கோடும் இட்டு வேறுபடுத்துவது அவர்களில் பலர் கையாளும் வழி. கற்பவரும் தொடக்கத்திலிருந்தே அவ்வாறு எழுதிப் பழகலாம்.